எங்கள் ஊர்க்காரர்கள் ஏஐ-யிடம் கேட்கிறார்கள்: ரிசர்வ் வங்கிக்கும் செபிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஈரோட்டில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகள் பார்க்கும் சிறு அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். விசைத்தறி வைத்திருப்பவர்கள், மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வுபெற்றவர்கள், பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்களும் என்னிடம் வருகிறார்கள். முன்பெல்லாம் "சார், மச்சான் இப்படிச் சொன்னாரு" என்று பேச்சைத் தொடங்குவார்கள். இப்போது ஃபோனை நீட்டி, "சாட்ஜிபிடி இப்படிச் சொல்லுது, சரியான்னு பாருங்க சார்" என்கிறார்கள். எந்தக் கடனை முதலில் அடைப்பது, பிஎஃப் பணத்தை எடுக்கலாமா, நகையை வைப்பதா விற்பதா, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கட்டும் எஸ்ஐபி போடலாமா, வரிக்கு எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று குடும்பத்தின் வரவு செலவு மொத்தமும் அந்தச் சின்னத் திரைக்குள் போய்விட்டது.

இதைத் தடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. தடுக்கவும் முடியாது. 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்லெக்சிட்டி புரோ என்ற ஏஐ-யை ஒரு வருடம் இலவசமாகக் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுளின் ஜெமினி புரோவை 18 மாதங்களுக்குக் கொடுத்தது. நவம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, 'சாட்ஜிபிடி கோ' சேவை ஒரு வருடம் இலவசம் என்றது. ரீசார்ஜ் செய்தவர் கையிலெல்லாம் ஒரு ஏஐ வந்துவிட்டது. "கவனமாக இருங்கள்" என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டு நகர்ந்துவிடும் கட்டம் தாண்டிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த ஏஐ எங்கள் மக்களுக்குச் சரியான பதிலைச் சொல்லுமா, தப்பான பதிலைச் சொல்லுமா என்பது பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் விதிகள் தமிழில், எளிய நடையில், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற குறிப்போடு, மனிதரும் இயந்திரமும் எடுத்துப் படிக்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். வங்கியும் தரகு நிறுவனமும் தங்கள் வாசலில் நிறுத்தும் ஏஐ சொன்ன பதிலுக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மக்கள் ஏன் இதனிடம் போகிறார்கள் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாட்டில் பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்குகள் 2025-ல் 20 கோடியைத் தாண்டிவிட்டன. செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்களோ நாடு முழுக்கவே ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். கோபியிலோ பவானியிலோ மாதம் 25 ஆயிரம் சம்பளம் வாங்குகிறவர் அவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து, கட்டணம் கொடுத்து ஆலோசனை கேட்பது நடக்கிற காரியமா? வங்கிக்குப் போனால் அங்கே இருப்பவருக்கு அந்த மாதம் முடிக்க வேண்டிய டார்கெட் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொந்தக்காரராகவே இருப்பார், வேண்டாம் என்று சொன்னால் உறவு கெட்டுப்போகும். யூடியூபில் பங்கு சொன்னவர்களை செபி கட்டுப்படுத்தியது. சந்தையைக் கற்றுத்தருகிறோம் என்பவர்கள் கடைசி 3 மாத விலையைக் காட்டிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னீர்கள். நல்ல முடிவு, நான் மனதார வரவேற்றேன். ஆனால் அவர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இப்போது ஏஐ பதில் சொல்கிறது.

அப்புறம், வெட்கம் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமான காரணமாகப் படுகிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கடனில் இருக்கிறார் என்பது வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள், தறிக்கு நூல் கடனாகக் கொடுப்பவர் கையை இழுத்துக்கொள்வார். அதனால் மனைவிக்குத் தெரியாமல் மூன்று கடன், அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு நகை அடகு என்று மூடி வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்னிடம்கூட வரிக்குத் தேவையானதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இரவு பதினொரு மணிக்கு ஏஐ-யிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். அது யாரிடமும் சொல்லாது, ஏளனமாகப் பார்க்காது, "அன்னைக்கே சொன்னேனே" என்று குத்திக்காட்டாது. கடனில் தவிக்கும் ஒருவர் தன் கணக்கை முதன்முறையாக ஒரே இடத்தில் எழுதிப் பார்ப்பது இந்த உரையாடலில்தான் நடக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

அது நல்லது செய்வதையும் பார்த்திருக்கிறேன். ஸ்கூட்டர் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் 1 லட்சம் ரூபாய் கடன் கேட்ட ஒரு பெண், தையல் யூனிட்டில் வேலை பார்ப்பவர். "வருஷத்துக்கு 12 பர்சன்ட்தான்மா, 24 மாசம், மாசம் 5,167 ரூபாய்" என்று ஷோரூமில் இருந்தவர் சொன்னார். கையெழுத்து வாங்கும்போது கொடுத்த தாள்களில் ஒன்று, நீங்கள் கட்டாயமாக்கிய முக்கிய விவரத் தாள். 2024 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வழங்கும் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும் என்றீர்கள். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும், விளக்கிச் சொல்ல வேண்டும், புரிந்தது என்று அவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கம் ஒன்றும் இல்லை. "புரிந்தது" என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

அவர் போடவில்லை. வெளியே வந்து தாளைப் படம் பிடித்து ஏஐ-யிடம் போட்டார். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போது வட்டியை மட்டும் முழு 1 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போடுகிறார்கள், அதனால் இது உண்மையில் 12 சதவீதமே இல்லை, 21.5 சதவீதத்துக்கும் மேல் என்று அது தமிழில் விளக்கியது. மறுநாள் என்னிடம் வந்து கேட்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அவர் கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கி வண்டி எடுத்தார்.

ஆளுநர் அவர்களே, கடன் கொடுப்பவர் செய்ய வேண்டும் என்று நீங்கள் உத்தரவு போட்ட வேலையை அங்கே செய்தது ஒரு அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள். விதி உங்களுடையது, தாள் அவர்களுடையது, அதைப் படித்துச் சொன்னது மூன்றாவது ஒன்று. இப்படி எத்தனை நாளைக்கு நடக்கும்?

இன்னொருவர், ஓய்வுபெற்ற நடத்துநர். கிராஜுவிட்டி வந்த வாரமே ஒரு வங்கிக் கிளையில் அவர் தலையில் ஒரு காப்பீட்டுத் திட்டத்தைக் கட்டிவிட்டார்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்பதை அவருக்குச் சொன்னதும் பேரன் ஃபோனில் இருந்த ஏஐதான். பணம் திரும்பி வந்தது. அது வேறு ஆணையத்தின் எல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

இனி தவறும் இடங்களைப் பற்றி. இங்கேதான் எனக்கு உறக்கம் போகிறது.

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா, மகனின் இன்ஜினியரிங் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு சங்கிலியை அடகு வைக்க நினைத்தார். நகை வாங்கிய ரசீதில் 2,40,000 ரூபாய் இருந்தது. எவ்வளவு கிடைக்கும் என்று ஏஐ-யிடம் தமிழில் கேட்டிருக்கிறார். நகை மதிப்பில் 75 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய் வரை கிடைக்கும் என்று அது உறுதியாகச் சொன்னது. அதை நம்பி, கல்லூரியில் 1,75,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டிவிடுவதாக ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் பதிலில் எத்தனை பிழை என்று பாருங்கள். 75 சதவீதம் என்பது பழைய வரம்பு. 2025 ஜூன் 6-ஆம் தேதி நீங்கள் வெளியிட்ட தங்கம், வெள்ளி அடமானக் கடன் வழிகாட்டுதல்படி, வீட்டுத் தேவைக்கு வாங்கும் கடன் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். எல்லா நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் இதற்கு மாற வேண்டும் என்று சொன்னீர்கள். அந்த அம்மா போன இடத்தில் ஏற்கெனவே மாறியிருந்தார்கள். அப்படியானால் கூடுதலாகத்தானே கிடைத்திருக்க வேண்டும்? கிடைக்கவில்லை. ரசீதில் இருக்கும் செய்கூலி, சேதாரம், கல், ஜிஎஸ்டி எதற்கும் அடமானத்தில் மதிப்புக் கிடையாது. தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு. அதுவும் கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை இரண்டில் எது குறைவோ அந்த விலையில். அப்படிப் பார்த்ததில் சங்கிலியின் மதிப்பு 2 லட்சம் என்று வந்தது. அதில் 85 சதவீதம் 1,70,000. அவர் கேட்டது, வருடக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்து ஒரே முறையாகக் கட்டும் கடன். அந்த வகைக் கடனில் வரம்பைக் கணக்கிடும்போது, முடிவில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையையும் பார்க்க வேண்டும் என்பது உங்கள் புது விதி. 10 சதவீத வட்டி என்று வைத்தால், வட்டியோடு சேர்த்து 1,70,000-க்குள் அடங்க வேண்டும். ஆக, கையில் கிடைத்தது ஏறக்குறைய 1,54,500 ரூபாய்.

குறைந்த இருபதாயிரத்துச் சொச்சத்துக்கு அந்த அம்மா எங்கே போயிருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரன் வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் கொடுக்க எங்கள் தெருக்களில் எப்போதும் ஆள் இருக்கிறது.

ஏஐ வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. பல வருடங்களாக இணையத்தில் எல்லா இடத்திலும் 75 சதவீதம் என்றே எழுதியிருக்கிறது. அதைப் படித்து வளர்ந்த இயந்திரம் அதைத்தான் சொல்லும். உங்கள் புது விதியோ ஆங்கிலத்திலும் இந்தியிலும், சட்டம் படித்தவருக்கே சவால் விடும் நடையில், பத்தி எண்களோடு ஒரு ஆவணமாக இருக்கிறது. "என் சங்கிலிக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று தமிழில் கேட்கிற கேள்வியும் அந்த ஆவணமும் சந்திக்கவே வழியில்லை. இத்தனைக்கும் அதே வழிகாட்டுதலில், கடனின் முக்கிய நிபந்தனைகளை அந்தந்தப் பகுதியின் மொழியில் அல்லது வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் சொல்ல வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிறுவன ஊழியர் அல்லாத ஒரு சாட்சி முன்னால் விளக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழுப் பணத்தையும் கட்டிய பின் நகையை அன்றே அல்லது அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இவ்வளவு நல்ல விதி. எங்கள் ஊரில் நகை அடகு வைக்காத வீடு எது? அவர்களில் எத்தனை பேருக்கு இது போய்ச் சேர்ந்திருக்கிறது? கடன் கொடுப்பவருக்கு மொழிக் கட்டாயம் விதிக்கிற நீங்கள், அந்தக் கட்டாயத்தை முதலில் உங்கள் ஆவணத்துக்கு விதித்துக்கொள்ளலாம்.

வரியிலும் இதே கதைதான். அது உங்கள் துறை இல்லை, ஆனால் முதலீட்டோடு ஒட்டியது என்பதால் ஒன்று மட்டும். "12 லட்சம் வரை வருமான வரி இல்லை" என்ற பட்ஜெட் வாசகம் 2025 பிப்ரவரியிலிருந்து எல்லார் வாயிலும் இருக்கிறது, ஏஐ வாயிலும். நிலைக்கழிவு போகச் சம்பளம் 9 லட்சம், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டை விற்றதில் நீண்டகால லாபம் 2 லட்சம், மொத்தம் 11 லட்சம். புதிய முறையில் வரி உண்டா என்று ஒரு ஆசிரியர் கேட்டார். இல்லை என்று பதில். உண்மையில் அந்த லாபத்தில் ஆண்டுக்கு வரியில்லாத 1.25 லட்சம் போக மீதி 75,000-க்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு 9,750 ரூபாய் கட்ட வேண்டும். 12 லட்சம் வரை வரியை இல்லாமல் செய்யும் தள்ளுபடி இந்த லாபத்துக்குப் பொருந்தாது. ஃபண்டை விற்பதற்கு முன்னால் தெரிந்திருந்தால், இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்து விற்று அந்தப் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

இதைவிட ஆழமான ஒரு சிக்கல் இருக்கிறது. செபி தலைவர் அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏஐ, கேட்பவர் மனம்போல் பேசுகிறது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனமே தன் ஜிபிடி-4ஓ என்ற ஏஐ-யின் ஒரு புதுப்பிப்பை, பயனருக்கு அளவு மீறி ஜால்ரா போடுகிறது என்று திரும்பப் பெற்றது. பொதுவாகவே இந்தக் குணம் அவற்றிடம் மிச்சம் இருக்கிறது. "ஆப்ஷன் டிரேடிங்கில் நல்ல வருமானம் பார்க்க ஒரு திட்டம் போட்டுக் கொடு" என்று கேட்டால், கடைசியில் ஒரு எச்சரிக்கை வரியை ஒட்டிவிட்டு, திட்டத்தைப் போட்டுக் கொடுக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரை, பங்கு விலையின் ஏற்ற இறக்கத்தை வைத்து நடக்கும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கும் மேல் என்று நீங்களே 2024 செப்டம்பரில் ஆய்வு வெளியிட்டீர்கள். அந்த எண் பதிலின் முதல் வரியில் வந்திருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் யாராவது வந்து உட்கார்ந்தால், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் நாங்கள் நாலு கேள்வி கேட்போம். வேற கடன் இருக்கா? பொண்ணுக்கு எப்போ கல்யாணம்? அப்பாவுக்கு மருந்துச் செலவு எவ்வளவு? சீட்டு எடுத்தாச்சா, இன்னும் கட்டிட்டு இருக்கீங்களா? ஐந்து மாதத்தில் கல்யாணம் வைத்திருப்பவரிடம் பங்கு ஃபண்டைப் பற்றிப் பேசவே கூடாது. ஏஐ பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. கேட்ட கேள்விக்கு உடனே, தயக்கமில்லாமல், வரிசை எண் போட்டு அழகாகப் பதில் தந்துவிடுகிறது. அந்த அழகைப் பார்த்துத்தான் மக்கள் நம்புகிறார்கள்.

அடுத்து, பொறுப்பு. பொதுவான ஏஐ ஒரு பக்கம் இருக்க, இப்போது வங்கிச் செயலியிலும் தரகுச் செயலியிலும் ஒரு சாட்பாட் உட்கார்ந்திருக்கிறது. அது சொல்வது வங்கி சொல்வதுதான் என்றே மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அபராதம் இல்லாமல் கடனை முன்கூட்டியே முடிக்கலாம் என்று செயலியில் பதில் வருகிறது, கிளைக்குப் போனால் "அது கம்ப்யூட்டர் சொன்னது சார், எங்களுக்கு வேற ரூல்" என்கிறார்கள். கனடாவில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. ஏர் கனடாவின் சாட்பாட் பயணக் கட்டணச் சலுகையைப் பற்றித் தவறான தகவல் தந்தது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் இணையதளத்தில் வரும் எல்லாத் தகவலுக்கும், அது பக்கத்தில் இருந்தாலும் சாட்பாட் சொன்னாலும், நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லி, பயணிக்கு இழப்பீடு வாங்கித் தந்தது.

செபி இந்த விஷயத்தில் ஒரு அடி முன்னால் நிற்கிறது. 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தி, பதிவு பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏஐ கருவிகளின் விளைவுக்கு அந்த நிறுவனங்களே முழுப் பொறுப்பு என்று எழுதிவிட்டீர்கள். முதலீட்டு ஆலோசகர் ஏஐ-யைப் பயன்படுத்தினால் அதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்றும் வைத்திருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி, பேராசிரியர் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையில் குழு அமைத்து, 2025 ஆகஸ்டில் 26 பரிந்துரைகளுடன் அறிக்கை பெற்றது. ஆளுநர் அவர்களே, பரிந்துரை என்பது கிளை மேலாளரைக் கட்டுப்படுத்தாது. வங்கியின் சாட்பாட் எழுத்தில் தந்த பதில், வங்கி தந்த கடிதத்துக்குச் சமம் என்று ஒரு வாசகம் விதியாக வேண்டும். அந்த உரையாடலை வாடிக்கையாளர் தேதி, நேரத்தோடு பதிவிறக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யும்போது அதை ஆவணமாக ஏற்க வேண்டும். தமிழில் வைத்திருக்கும் சாட்பாட்டைத் தமிழர்கள் கேட்கும் விதத்திலேயே கேட்டுச் சோதித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். "ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். அதை ஆண்டுக்கு 2 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு ஆலோசனை சொல்லும் இயந்திரத்தை எந்த வங்கியும் வாசலில் நிறுத்தக்கூடாது.

வங்கிக் கணக்கு அறிக்கையை அப்படியே ஏஐ-யில் ஏற்றும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "என் செலவு எங்கே போகுதுன்னு பார்" என்று ஆறு மாத பிடிஎஃப்-ஐப் போடுகிறார்கள். அந்தத் தாளில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். பெயர், முகவரி, கணக்கு எண். யுபிஐ வரிகளில் யாருக்கு அனுப்பினாரோ அவர் பெயர், பல நேரம் கைபேசி எண்ணும். எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்துக் கடை, எந்தக் கோயில், எந்தக் கட்சிக்கு நன்கொடை. தன் ரகசியத்தைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு, அவருக்குப் பணம் அனுப்பிய இருநூறு பேருடைய எண்ணையும் சேர்த்துக் கொடுக்க உரிமை உண்டா? ஒருவரின் நிதித் தகவலை அவர் ஒப்புதலோடு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையை 2021-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். எந்தத் தகவல், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டு ஒப்புதல் வாங்குவது, வேண்டாம் என்றால் திரும்பப் பெறுவது என்று அருமையாக வடிவமைத்தீர்கள். அந்தப் பாதுகாப்பெல்லாம் ஒரு பிடிஎஃப் பதிவேற்றத்தில் காணாமல் போகிறது. இதற்குப் பெரிய சட்டம்கூட வேண்டாம். ஒவ்வொரு வங்கிச் செயலியிலும் அறிக்கையைப் பதிவிறக்கும் இடத்தில் இன்னொரு பொத்தான் வையுங்கள். பெயர், எண், முகவரி எல்லாம் மறைத்து, தேதி, தொகை, செலவின் வகை மட்டும் இருக்கும் அறிக்கை அதில் வரட்டும். மக்கள் அதை எங்கே வேண்டுமானாலும் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் இப்போதே செய்ய வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை ஏஐ பதில் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2025-ல் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, வாடிக்கையாளர்கள் தங்கள் பங்குக் கணக்கை ஏஐ உதவியாளரோடு இணைத்துக் கேள்வி கேட்க வழி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், சாட்ஜிபிடிக்குள்ளேயே பொருள் வாங்கி யுபிஐ-யில் பணம் கட்டும் சோதனையை யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ, பணம் செலுத்தும் சேவை நடத்தும் ரேசர்பே, ஓபன்ஏஐ மூன்றும் சேர்ந்து அறிவித்தன. ஆலோசனை சொல்லும் இயந்திரத்தின் கைக்கே பணப்பையும் போகப்போகிறது. தப்பான பதிலைக் கேட்டுவிட்டு யோசித்துப் பார்க்கவும், என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து கேட்கவும் இன்றைக்கு நடுவில் ஒரு இரவு இருக்கிறது. அந்த இரவு இல்லாமல் போவதற்கு முன்னால் விதிகள் வந்தாக வேண்டும்.

வெளிநாட்டு ஏஐ நிறுவனங்கள் நம் பேச்சைக் கேட்குமா என்று நீங்கள் தயங்கலாம். கூகுள், மெட்டா தளங்களில் முதலீட்டு விளம்பரம் செய்யும் இடைத்தரகர்களைச் சரிபார்க்க 2025-ல் செபி அந்த நிறுவனங்களோடு பேசி ஏற்பாடு செய்தது. அதுபோல் இங்கேயும் பேசலாம். கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தியாவின் கடன், வைப்பு, பங்கு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும்போது எந்தத் தேதி வரையிலான விதியை வைத்துச் சொல்கிறது என்று காட்டட்டும், உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கட்டும். ஆனால் இணைப்புக் கொடுக்க ஒரு பக்கம் இருக்க வேண்டுமே. நிதிக் கல்விக் கையேடுகளைத் தமிழில் போட்டிருக்கிறீர்கள், விளம்பரமும் செய்கிறீர்கள், மறுக்கவில்லை. சேமிப்பு நல்லது, ஓடிபி சொல்லாதீர்கள் என்பதைத் தாண்டி, இன்றைய தேதிக்கு விதி என்ன என்று சொல்லும் பக்கம் தமிழில் வேண்டும். விதி மாறினால் அன்றே மாற வேண்டும், பழையது எது, புதியது எது என்று பக்கத்திலேயே தெரிய வேண்டும். படமாகவோ ஸ்கேன் செய்த பிடிஎஃப்-ஆகவோ போடாதீர்கள், எழுத்தாகப் போடுங்கள்.

நகைக்கடனில் தொடங்குங்கள். அடுத்து முன்கூட்டியே கடனை முடிப்பது. தனிநபர் வீட்டுக் கடன் போன்ற மாறும் வட்டிக் கடன்களுக்கு அபராதம் வாங்கக்கூடாது என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. அதன்பின் வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பது, மியூச்சுவல் ஃபண்ட் நம் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் செலவு விகிதம், இறந்தவரின் கணக்கில் உள்ள பணத்தைக் குடும்பத்தார் பெறும் வழி. மக்கள் கேட்கும் கேள்விகள் என்னிடமும் என்னைப் போன்ற கணக்காளர்களிடமும் நிறைய இருக்கின்றன, அவர்கள் பேசுகிற சொற்களிலேயே இருக்கின்றன. பெயர்களை நீக்கிவிட்டு அவற்றைத் தொகுத்துத் தர நாங்கள் தயார். சம்பளமோ சான்றிதழோ வேண்டாம். எந்த அலுவலகத்துக்கு, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் அறிவியுங்கள்.

மரியாதையுடன்,
ஈரோட்டிலிருந்து ஒரு வரிக் கணக்காளர்